இஞ்சி சேர்ந்த விதம்

கட்டபெட்டில் பேருந்து நிற்கும் வளைவில்
போஜன் டீக்கடைச் சுவரில்
என்னை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள்.
லேமினேட் செய்த ஒரே தாள்.
ஒரு பக்கம் உரக்கடை நாட்காட்டி,
மறுபக்கம் பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை என்று
சாக்பீஸில் எழுதி அழித்து எழுதிய பலகை.
எண்ணூறு சொற்கள், ஒரு படம்.
படத்தில் இருப்பது வேறு ஏதோ கடை. நீலக் கதவு.

எழுதி ஆறு வருடம் ஆகிறது.
விமானத்தில் இருக்கைப் பையில் செருகிவைக்கும் இதழ்.
பாதிப் பணம் வந்தது.
மீதி வருவதற்குள் இதழ் நின்றுபோனது.
கோத்தகிரியில்தான் வாடகைக்கு இருக்கிறேன்,
வருடத்துக்கு எழுபது நாள்.
கடவுச்சீட்டில் முத்திரை குத்த இடமில்லை,
வங்கிக் கணக்கில் தாராளமாக இருக்கிறது.

"நீங்க எழுதினதாமே?"
பாய்லர் குழாயைத் திருகியபடி கேட்கிறார் போஜன்.
"பொண்ணு படிச்சுச் சொன்னா.
இஞ்சி தட்டிப்போட்ட டீன்னு போட்டிருக்கீங்க.
நான் இஞ்சி போட்டதே இல்லைங்களே."
கோபமில்லை குரலில்.
சில்லறை குறைவதைச் சொல்வது போலச் சொன்னார்.

அன்று இங்கே இறங்கினேன், டீ குடித்தேன்,
அதுவரை நிஜம்.
முடித்ததோ லுவாங் பிரபாங்கில்,
ஆறு தெரியாத மலிவு அறையில்,
கெடு முடிய மூன்று மணி நேரம் இருக்கையில்.
கீழே இரவுச் சந்தையில் ஒருத்தி
கல்லில் இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தாள்.
சத்தம் சன்னல் வழியாக ஏறி வந்து
இரண்டாம் பத்தியில் உட்கார்ந்துகொண்டது.
நான் எழுப்பவில்லை.
பத்திக்கு ஒரு வாசனை குறைந்துகொண்டிருந்தது.

இது மட்டுமா.
பினாங்கில் நனைந்த மழையை
ஹோய் ஆனில் பெய்யவிட்டிருக்கிறேன்.
பூட்டியிருந்த ஒரு மலைக்கோயிலின் படிகளை
முன்பே போய்வந்தவனிடம் போனில் எண்ணி வாங்கி,
நூற்றுப் பன்னிரண்டிலும்
மூச்சிரைக்க ஏறியிருக்கிறேன், தாளில்.

"அப்புறம்?" என்றேன். வேறென்ன கேட்க.

"அப்புறம் என்னங்க.
வர்ற காரெல்லாம் நின்னு இஞ்சி டீ கேக்குது.
இல்லைன்னா மூஞ்சி சுருங்குது.
ஒருத்தர் போனை நீட்டிச் சண்டைக்கே வந்துட்டார்,
இதுதானே அந்தக் கடை, ஏன் ஏமாத்தறேன்னு.
எனக்கே சந்தேகம் வந்திருச்சு.
மேட்டுப்பாளையத்துல இருந்து முதல்ல வாரம் அரைக் கிலோ.
இப்ப அஞ்சு.
தட்டறதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டிருக்கேன்."

ஆள் தலை நிமிரவில்லை.
ராஞ்சிக்கு அப்பால் இருந்து மூன்று ரயில் மாறி
தோட்ட வேலைக்கு வந்தவன், சுக்ராம்.
மடியில் கல், கல்லில் இஞ்சி.
டொக். டொக்டொக்.
எனக்குத் தெரிந்த சத்தம்.

வளைவைப் பனி மூடுகிறது.
இ-பாஸ் காட்டி ஏறிவந்த வண்டிகள்
விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்கின்றன.
போன் அதிர்கிறது. ஹாங்காங்கிலிருந்து ஒரு தொகுப்பாசிரியர்:
பழைய கட்டுரையை நூலில் சேர்க்கிறோம்,
பணம் தர வழியில்லை, பெயர் வரும்,
தகவல்கள் இன்றைக்கும் சரிதானா, உறுதிசெய்யவும்.

கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.
காரம் தொண்டையில் இறங்கி
காதுவரை சுட்டது. நல்ல டீ.
'சரி' என்று அடித்து அனுப்பினேன்.
பிறகு யோசித்து 'இப்போது' என்று
இன்னொரு செய்தி அனுப்பினேன்.

"பதினெட்டுங்க. இஞ்சிக்கு மூணு ரூபா சேத்து.
உங்ககிட்ட வாங்கக் கூடாதுதான்,
இஞ்சி விலை அப்படி இருக்கு."
இருபது கொடுத்தேன்.
மீதிக்கு ஒரு புளிப்பு மிட்டாய்.

ஊட்டியிலிருந்து வரும் பேருந்தின் ஹாரன்.
எழுந்து பையைத் தோளில் மாட்டும்போதுதான் பார்த்தேன்,
பிஸ்கட் ஜாடிகளுக்குக் கீழே
நாலு லிட்டர் நீல பெயின்ட்,
மூடி இன்னும் திறக்காமல்.