வருடத்துக்கு ஒரு கையெழுத்து

ஆயில் மாற்றலாம், நான்.
பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம்.
இறக்கைத் துணியில் அணில் போட்ட ஓட்டையை
வட்டமாய் வெட்டி, பசை தடவி ஒட்டலாம்.
என்ஜினையே இறக்கி வெயிலில் வைத்தாலும்
கேட்க ஆளில்லை.
தாளில் அப்படித்தான் இருக்கிறது:
யாரும் பழுது பார்க்கலாம்.

வருடம் ஒருமுறை மட்டும்
கட்டியவர் வந்து பார்த்து
பறக்கலாம் என்று எழுத வேண்டும்.
கட்டியவர் என்ற கட்டத்தில்
ஒரு பெயருக்குத்தான் இடம்.
அன்றைக்கு என் கையெல்லாம் பசை.
பேனா மனோவாவிடம் இருந்தது.

வழக்கு முடிந்தபோது
வடக்கன்குளம் வீடு அவனுக்கு.
பழவூர் விலக்கில் வாழைக்காய் மண்டியாய் இருந்த கொட்டகையும்
உள்ளே நின்ற இரண்டு இருக்கை விமானமும் எனக்கு.
வள்ளியூர் கோர்ட்டில் கரண்டி வரைக்கும் பிரித்தார்கள்.
கையெழுத்தைப் பிரிக்க வழியில்லை.

அதனால் ஐப்பசியில்,
காற்றாலைகள் ஓய்ந்து தலையைத் திருப்பிக்கொள்ளும் வாரம் பார்த்து
நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்குவான்.
ஒரு டார்ச், பல் டாக்டர் கண்ணாடி,
ஒரு தூக்குவாளி. சோறு அவனே கொண்டு வருவான்.
"என்ன எஸ்தரு."
"என்ன."
மதியம் வரை அவ்வளவுதான்.

கதவோரம் 'சோதனை' என்று
இரண்டு அங்குல எழுத்தில் நாங்கள் எழுதியபோது
கோவில்பிள்ளை எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"இருக்கிற சோதனை காணாதாவே?"
மனோவா சிரித்த சிரிப்பில் பெயிண்ட் டப்பா கவிழ்ந்தது.
கறை இன்னும் தரையில். அதன் மேல்தான்
இப்போது மல்லாந்து படுத்திருக்கிறான்.

கீல் கீலாய் ஆட்டுகிறான்.
நட்டுக்கு வெளியே மரை இரண்டு சுற்று தெரிகிறதா,
பூட்டுக்கம்பி இறுகும் பக்கம்தான் இழுக்கிறதா.
நட்டையும் போல்ட்டையும் சேர்த்து
என் நகப்பூச்சால் கோடு இழுத்திருந்தோம்;
கோடு உடைந்தால் நட்டு அசைந்திருக்கிறது.
நானூற்றுப் பன்னிரண்டு கோடுகள்.
ஒன்றையும் விடமாட்டான்,
கல்யாண நாளை மூன்று தடவை மறந்தவன்.

வலது மிதியடியில் டார்ச் நின்றது.
"இது யார் போட்டது?"
கோடு உடையவில்லை. நிறம் வேறு.
"ஆனிக் காத்துல மிதி தளர்ந்துச்சு. புது போல்ட் போட்டேன்."
"பதிவேட்டுல இல்லையே."

இல்லை.
தேதி, மாற்றிய பொருள், மாற்றியவர் பெயர்.
எழுதாத வேலை நடக்காத வேலை.
அது விதியா, மனோவாவின் வாயா, மறந்துவிட்டது.
எழுதியிருந்தால்
தேரிக்கு மேலே நான் தனியாகப் பயந்ததை
அவன் படித்திருப்பான்.

எழுந்து வெளியே போய் நின்றான்.
தூரத்தில் ஒரு காற்றாலை
சும்மா ஒரு சுற்று சுற்றி நின்றது.
"எழுது," என்றான், திரும்பாமல்.
"பயந்தத வேண்டாம். போல்ட்ட மட்டும்."

எழுதினேன். அவன் எழுதவில்லை.
"முறுக்குமானிய அளவு பாக்கக் குடுத்திருக்கு.
வியாழக்கிழம வாரேன். அதுவரைக்கும் தொடாத."

அதுவரை நான் பறக்கக் கூடாது.
சரி.
வியாழக்கிழமை அவன் தூக்குவாளி கொண்டு வர வேண்டாம்
என்று சொல்லலாமா என்பது பற்றி
தாளை இரண்டு முறை புரட்டிவிட்டேன்,
எதுவும் இல்லை.