வினைமுற்று

நேற்றிரவே இரண்டு அறிக்கைகளையும் அடித்துவிட்டேன்.
மேல்வீட்டு எம்.பி.க்கு ஒன்று, கீழ்வீட்டு எம்.பி.க்கு ஒன்று.
வடக்கு அவென்யூவில் இருவருக்கும் ஒரே படிக்கட்டு.
இருவருக்கும் ஒரே தமிழ், அதுவும் என்னுடையது,
பக்கத்துக்கு இருநூறு ரூபாய்.

"இன்று இந்நாட்டின் ஜனநாயகம்"
என்பதுவரை அடித்து நிறுத்தியிருந்தேன்.
நம் மொழியில் இப்படியொரு வசதி:
வென்றதா தோற்றதா என்பதைக்
கடைசிச் சொல்வரை சொல்லாமல் இருக்கலாம்.

மூன்று மணி. எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.
ஓர் எம்.பி. எழுநூறு.
நம்மூர் எம்.எல்.ஏ. நூற்று எழுபத்தாறு.
சிக்கிம்காரர் ஏழு.
படியில் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருக்கிறான்
மேல்வீட்டு உதவியாளன் குலோத்துங்கன்.
முடிவு போன மாதமே எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும்.
காய்ச்சல் இறங்காது என்று தெரிந்தும்
தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்ப்பவனைப்போல
பெருக்குகிறான்.

வெளியே நாவல் மரத்தை யாரோ உலுக்குகிறார்கள்.
தார்ப்பாயில் விழுந்தது போக மிச்சம் ரோட்டில்.

ஐந்தேகாலுக்கு அறிவித்தார்கள்.

முதலில் வந்தது ஜக்தார் சிங்கின் டோல்.
கீழ்வீட்டார் முன்பணம் கொடுத்து வைத்திருந்தவர்.
எந்த வீடென்று கேட்க மறந்து
நேராக மேலே ஏறி,
தோற்றவர்கள் வாசலில் நின்று
அரை நிமிடம், முழு மூச்சாக அடித்தார்.
கதவு திறந்தது.
"நீச்சே, பாயி சாப், நீச்சே"
என்று விரலால் தரையைக் காட்டினார் எம்.பி.யின் மனைவி.
கதவை மூடிக்கொண்டு அவர் சிரித்தது
எனக்கு மட்டும் கேட்டது.

கீழே லட்டு.
கீழே நான்கு பேர் ஒரே நேரத்தில் "வரலாறு" என்றார்கள்.
மகளிரணி செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார்,
வென்றவரின் பெயரைப் போன வாரம்வரை
காகிதம் பார்த்துச் சொன்னவர்.
வெள்ளை வேட்டிகள் ரோட்டில் இறங்கி ஆடின,
நாவல்பழத்தின் மேல்.
திரும்பி வந்தபோது மொசைக் தரையெங்கும்
ஊதாக் கால்தடம்.

மேலே மின்விசிறி சுற்றும் சத்தம்.
பிறகு ஒருவர் கேட்டார்: "எவன்?"
பதினேழு பேர் மாற்றிப் போட்டிருக்கிறார்களாம்.
ரகசிய வாக்கு.
கமிஷன் கொடுத்த ஊதா மைப் பேனாவை
மூன்று நாள் முன்பு எல்லோரும்தான் பிடித்தார்கள்.
யாரும் யாரையும் பார்க்காமல்
எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.
தேநீர் ஆடை கட்டியது.

கீழ்வீட்டுக்கு "வென்றது" என்று முடித்துக் கொடுத்தேன்.
ஒரே சொல். எண்ணிக் கொடுத்துவிட்டார்கள் பணத்தை.

மேலே குலோத்துங்கன் திரையை எட்டிப் பார்த்தான்.
"தோற்றதுன்னு வேண்டாம்க்கா,
நாமளே தோத்த மாதிரி இருக்கு.
தோற்கடிக்கப்பட்டதுன்னு போடுங்க."
போட்டேன்.
நகம் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தான்.
"தோற்கடிக்கப்பட்டிருக்கிறது?"
நீளமான சொல்தான்.
அதற்குள் ஒருவன் உட்கார்ந்து அழலாம்.
அதையே வைத்துக்கொண்டோம்.
பணம் அடுத்த வாரமாம்.

டிவியின் அடியில் ஒரு வரி ஓடியது,
இரு வீட்டிலும் யாரும் படிக்காத வரி:
செல்லாத வாக்குகள் பதினைந்து.

எண் எழுதச் சொன்ன இடத்தில்
டிக் அடித்தவர்கள் இருப்பார்கள்.
பேனாவைச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர்.
பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்.
ஆனால் யாராவது ஒருவர்,
மறைப்புக்குள் நின்று, ஊதா மைப் பேனாவைத் திறந்து,
இரண்டு பெயர்களையும் நிதானமாகப் படித்து,
மூடி,
தாளை மடித்திருப்பார் இல்லையா?

அவர் வீடு எந்த அவென்யூவில் என்று தெரிந்தால்
காசு வாங்காமல் அடித்துக் கொடுப்பேன்.
பாதி ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது:

இன்று இந்நாட்டின் ஜனநாயகம்