உப்புக் கணக்கு

ஐந்தரை மணிக்கு ஜோசப் ஊரைக் கடக்கும்போது
பேக்கரியில் நாற்காலிகள் இன்னும் மேசைமேல் தலைகீழாய்.
ஓரிகனின் இந்த மூலையில் ஜூலைக் காலைக்கும்
ஸ்வெட்டர் வேண்டும். நான் போடவில்லை.
பத்து நிமிடத்தில் வேர்த்துவிடும்.

என் வேலை ஐந்தைந்தாய் எண்ணுவது.
மருந்துக்கடையின் நீலத் தட்டில்
மாத்திரைகளைத் தட்டைக் கத்தியால் தள்ளித் தள்ளி
ஐந்து, பத்து, பதினைந்து.
முப்பதானால் புட்டி, மூடி, பெயர்ச்சீட்டு.
யாருக்குக் கொதிப்பு, யாருக்குத் தூக்கமில்லை,
எந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே மாத்திரையை
ஒருவருக்கொருவர் தெரியாமல் விழுங்குகிறார்கள்,
எல்லாம் தெரியும்.
சொல்லமாட்டேன்.

முதல் மூன்று மைல் ஆற்றோடு.
வல்லாவா பனிக்கரைசலாய் இரைகிறது,
கேட்டுக்கொண்டே ஓடினால் மூச்சின் சத்தம் தெரியாது.
அது நல்லது.
நாற்பத்தொன்பது வயது மூச்சு
கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட துணி மாதிரி வருகிறது.

மரப்பாலத்துக்கு முன்னால் கோவேறு கழுதைகள், ஏழு.
பாதையை விட்டுப் பள்ளத்துப் பக்கம் இறங்கி நின்றேன்.
கடைசிக் கழுதைக்குப் பின்னால் ஹார்லன் ஸ்ட்ரப்.
"வெள்ளைக் கோட்டு இல்லாமல் அடையாளமே தெரியலியே" என்றார்.
மாதம் ஒரு புட்டி வாங்குகிறவர்.
எதற்கென்று சொல்லமாட்டேன் என்று சொன்னேனே.
"மேலே ஆடு நிக்குது, பாத்துப் போ.
உப்புப் பைத்தியம்."

பிறகு ஏற்றம்.
மலையை மடித்து வைத்த பாதை,
மடிப்புக்கு மடிப்பு கொண்டை ஊசி.
ஒன்று, இரண்டு என்று எண்ணிப்போனேன்.
பதினெட்டிலோ பத்தொன்பதிலோ
பாறைமேல் மர்மோட் ஒன்று
பஸ் கண்டக்டர்போல் விசிலடித்தது.
எண்ணிக்கை உதிர்ந்துவிட்டது.
திரும்பிப்போய்ப் பொறுக்கவா முடியும்?

மரங்கள் குட்டையாகி, கோணலாகி, நின்றுவிட்டன.
நிழல் விழாத சரிவில் பழைய பனி.
மிதித்தால் தடம் ரோஸ்மில்க் நிறத்தில் விழுகிறது;
ஏதோ பாசியாம்.
குனிந்து முகர்ந்தேன்.
யாரும் பார்க்கவில்லை.

கடைசி மேடு என்று நினைத்த மேட்டுக்குப் பின்னால்
ஏரி இல்லை, இன்னொரு மேடு.
அதற்குப் பின்னாலும் இல்லை.
"போதும்டி" என்று தொடைகள் தமிழில் சொல்லின.
அப்புறம்
ஏரி.

கடிகாரத்தை நிறுத்தினேன்.
இரண்டு மணி பதினோரு நிமிடம்.
போன வருடத்தைவிட ஏழு நிமிடம் கூடுதல்.
பாதி ஏரி இன்னும் பனிமூடியைத் திறக்கவில்லை.
மீதிப் பாதியில்
மலை தலைகீழாய், என் பேக்கரி நாற்காலிகள் மாதிரி,
திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தது.

கறுப்புச் சட்டையில் வேர்வை உலர்ந்து
வெள்ளைக் கடற்கரைகள் வரைந்திருந்தது.
பாறையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றேன்.
ஆடு வந்தது.
வெள்ளாடு என்ற சொல்லுக்குத்
தாமதமாய்க் கிடைத்த பொருள்போல அவ்வளவு வெள்ளை,
தொங்கும் பழைய கம்பளி, கால் மறைவில் குட்டி.

ஐம்பது கஜம் தள்ளி நில் என்கிறது அடிவாரப் பலகை.
எழுந்து தள்ளிப்போனேன்.
அது என்னைப் பின்தொடரவில்லை.
நான் உட்கார்ந்திருந்த பாறையை நக்கியது.
கை ஊன்றிய இடம், பை சாய்ந்த இடம்,
நிதானமாய், எதையும் எண்ணாமல்.
குட்டியும் ஒரு நக்கு நக்கிவிட்டுத் தும்மியது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
ஆடு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அந்த ஏழு நிமிடத்தை
அது தின்றுகொண்டிருந்தது.

முழங்கால் வரை தண்ணீரில் நின்றேன்.
பதினொன்றுவரை எண்ண முடிந்தது.

இறங்கும்போது மேலிருந்து எண்ணினால்
திருப்பங்கள் இருபத்தாறு வந்தது.
நம்பவில்லை.
சறுக்கி ஒருமுறை உட்கார்ந்தேன்,
அதையும் சேர்த்திருப்பேன்.

திங்கட்கிழமை ஹார்லன் வந்தார்.
"ஆட்டைப் பாத்தியா?"
"பாத்தேன்."
முப்பது எண்ணினேன். இன்னொருதரம் எண்ணினேன்.
புட்டியின் முதுகில் மஞ்சள் சீட்டை ஒட்டினேன்:
உப்பைக் குறைத்துக்கொள்ளவும்.