அணையும் விதம்

கோச்சா,
பன்னிரண்டு பேருக்கும் இதையே வாங்கலாமா என்று கேட்டாய்.
வாயால் சொன்னால் போதாது, எழுதித் தா என்றாய்.
மூன்று வாரம் சட்டைப்பையில் சுமந்துவிட்டு எழுதுகிறேன்.

என் சுட்டுவிரல் நீளம், அதைவிடக் கொஞ்சம் தடிமன்.
மெட்ரோ வாசலில் மாதுளைச் சாறு பிழிகிறவளின் தராசில் நிறுத்தேன்:
எண்பத்தாறு கிராம், பேட்டரியோடு.
காசு வேண்டாம், ஒரு தடவை அடித்துக் காட்டு என்றாள்.
காட்டினேன். பட்டப்பகல் பதினொரு மணிக்கு
அவள் மாதுளைகள் இன்னொரு முறை சிவந்தன.

அட்டையில் ஆயிரம் லூமென் என்று போட்டிருக்கிறது.
பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.
நுட்சுபிட்ஸே மேட்டுப் பதினாறு மாடிக் கட்டடத்தில்
லிஃப்ட் கிணற்றின் அடியில் நின்று மேலே அடித்தேன்.
உச்சிக் கப்பியின் பள்ளம் வரை தெரிந்தது,
அங்கே குடியிருக்கும் புறாவின் கோபமும்.
மூன்று நிமிடம்.
உடம்பு சுட்டதும் தானாகவே பாதியாகக் குறைந்துகொண்டது.
குறை என்கிறான் குரம்.
சூடேறினால் தணிந்து பேசும் ஒன்றை
நம் டிப்போவில் நான் இதுவரை கண்டதில்லை.

பழைய டார்ச் எதையும் ஆஸ்பத்திரிச் சுவராக்கிவிடும்.
பழுப்புக் கம்பியும் சிவப்புக் கம்பியும் அதற்கு இரட்டைப் பிள்ளைகள்.
போன பிப்ரவரியில் என் இடக்கை
அவர்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டது, உனக்குத் தெரியும்.
இது சிவப்பைச் சிவப்பாக விடுகிறது.
வடத்தில் துரு எது, காய்ந்த கிரீஸ் எது என்று
தொடாமலே சொல்ல முடிந்தது.

வாலில் காந்தம். கதவுச் சட்டத்தில் ஒட்டவைத்தால்
இரண்டு கையும் நமக்கு.
ஆனால் பையிலிருந்து எடுக்கும்போது
ஸ்குரூ, வாஷர், யார் வீட்டுச் சாவியோ
எல்லாம் ஊர்வலமாகக் கூடவே வருகின்றன.

கிளிப் மட்டம். குனிந்தால் நழுவுகிறது.
குழிக்குள் இரண்டு முறை விழுந்தது, ஒரு முறை தண்ணீரில்.
நான் இறங்கி வரும்வரை எரிந்துகொண்டே கிடந்தது.

இத்தோடு கையெழுத்துப் போட்டிருப்பேன்.
வியாழன் இரவு வர்கெத்திலியிலிருந்து அழைப்பு.
தெரு முழுக்க மின்சாரம் இல்லை,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒருவர்.
பெயர் கேட்டேன். அவ்தாண்டில் என்றது கிணறு.
ஏழாம் மாடிக் கதவைச் சாவி போட்டு நாலு விரற்கடை விலக்கி
பழக்கத்தில் முழு வெளிச்சத்தையும் உள்ளே கொட்டினேன்.

தரையில் உட்கார்ந்திருந்தார்.
புதுச் சட்டை, காலரில் இன்னும் விலைச்சீட்டு.
மடியில் கேக் பெட்டி, கயிறு பிரிக்கப்படவில்லை.
முகம் நனைந்திருந்தது.
பிடிபட்ட திருடன்போல் இரு கையாலும் அதை மூடிக்கொண்டார்.

குறைத்தேன்.
கடைசிப் படிக்கு நிலவொளி என்று பெயர், கால் லூமென்.
இத்தனை சின்னதை எவன் கேட்டான் என்று
முதல் வாரமே குறித்துவைத்திருந்தேன்.
அதில் பெட்டியின் கயிறும் ஒரு செருப்பு நுனியும் மட்டும் மிஞ்சின.

“அதுவும் வேண்டாமே,” என்றார்.
கொஞ்சம் கழித்து,
“நீங்கள் போய்விடாதீர்கள்.”

அணைத்தேன்.
பொத்தானில் சத்தமே இல்லை, கோச்சா.
பழையது அணைவது மூன்று மாடிக்குக் கேட்கும்.

நாற்பது நிமிடம்.
நான் படிக்கட்டில். அவர் எந்த மாடியிலும் இல்லாமல்.
எட்டாம் மாடி என்று மட்டும் ஒரு முறை சொன்னார்.
அங்கே போகும் வழியிலா, அங்கிருந்து வரும் வழியிலா
என்று நான் கேட்கவில்லை.
யாரோ மெழுகுவத்தியோடு இறங்கிப் போனார்கள்,
வணக்கம் சொல்லிவிட்டு.

மின்சாரம் வந்தது. கதவை மூடினேன்.
உள்ளே ஒரு பொத்தான் அழுந்தியது, வடம் ஓடியது.
எந்தப் பக்கம் ஓடியது என்று எழுத
உன் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று வாரத்தில் இரண்டு சார்ஜ்.
வாங்கு, பன்னிரண்டு.
கிளிப்பை மட்டும் மாற்றித் தரச் சொல்.

நதேலா,
இரவு ஷிப்ட்