ஐம்பதுக்கு ஒன்று

எழுபத்தொன்பதாம் வருடத்து மஞ்சள் பனிவண்டி.
என்ஜினின் விலாவில்
தீப்பெட்டி அளவுக்கு ஒரு பம்ப்.
பெட்ரோலுக்குத் தனித் தொட்டி, ஆயிலுக்குத் தனித் தொட்டி.
நான் விசையை அழுத்த அழுத்த
அது எண்ணி எண்ணிச் சொட்டும்.

"கழற்றி எறி" என்கிறார் ஓவிலா.
அடுத்த வீடு. முப்பது வருடம் சுரங்கத்தில் இருந்தவர்.
துளையை ஒரு தகட்டால் மூடு.
ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்,
கேனிலேயே கல, குலுக்கு, ஊற்று.
நான் கலந்ததை நான் பார்த்தேன்.
உன் பம்ப் சொட்டுவதை
யார் பார்த்தது?

எனக்குச் சிரிப்பு.
ராத்திரி முழுக்க நான் பார்ப்பது அதைத்தானே.
ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி,
ஆறு கட்டில், ஆறு மார்ஃபின் பம்ப், ஆறு பச்சை எண்கள்.
குழாயில் கடுகளவு காற்று புகுந்தால் போதும்,
ஊரைக் கூட்டிவிடும்.

மஞ்சள் வண்டிக்கு அந்த வாய் இல்லை.
குமிழி வந்தாலும் சும்மா இருக்கும்.
ஏரி நடுவில்
பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொண்ட பிறகு சொல்லும்,
ஒரே ஒரு வார்த்தை.

ஆக ஓவிலா சொல்வது பாதி சரி.
மீதிப் பாதி இறக்கத்தில் இருக்கிறது.
விசையை விட்டுவிட்டுச் சரிவில் பாயும்போது
பெட்ரோல் சுருங்கிவிடும், என்ஜின் மட்டும் சுற்றும்;
கலவையை நம்பியவனுக்கு
அந்நேரம் ஆயிலும் இல்லை.
பம்ப் அங்கேயும் கொஞ்சம் சொட்டும்.
இதைச் சொன்னபோது அவர்
கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்.

டிசம்பரில் குழாயை மாற்றினேன்.
பழையது மஞ்சளித்து விறைத்திருந்தது, நகம் பட்டதும் நொறுங்கியது.
காற்றுத் திருகைத் திறந்துவிட்டு
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி காத்திருந்தேன்.
குமிழி. குமிழி. அரைக் குமிழி.
அப்புறம் சுத்த நீலம்.
முதல் தொட்டிக்கு மட்டும்
பெட்ரோலிலும் ஆயில் கலந்தேன்.
இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டவளின் புகை
தெரு முழுக்க நின்றது.
சொலாஞ்ச் தன் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள்.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
மீன்பிடிக் குடிசைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது
ஓவிலாவின் வண்டி நின்றது.
நிற்கவில்லை, பூட்டிக்கொண்டது.
பின்பெல்ட் பனியை உழுதிருந்த தடத்தின் முடிவில்
அவர் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார்,
யாரோ கூப்பிடுவார்கள் என்பதுபோல்.

"என் கையால் கலந்தேன்" என்றார்.
"தெரியும்" என்றேன்.
அவர் கேனைச் சாய்த்துப் பனியில் கொஞ்சம் ஊற்றினேன்.
நீலம் இல்லை.
இருவரும் அதைப் பார்த்தோம்.
பனி ஒரு குழியாகத் தாழ்ந்தது.

கயிறு கட்டி இழுத்து வந்தேன்.
ஐந்து மீட்டர் பின்னால் அவர்.
வழிநெடுக என் பம்பின் புகையைத் தின்றுகொண்டு
ஒரு வார்த்தை பேசவில்லை.

சொலாஞ்ச் பட்டாணி சூப் ஊற்றினாள்.
ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
நேற்று டவுனுக்குப் போனேனா,
உன் கேனில் கால்வாசிதான் கிடந்தது,
நீ குளிரில் அலைய வேண்டாமே என்று
நிரப்பிக்கொண்டு வந்தேன்.

கரண்டிச் சத்தம் நின்றது.
வெறும் பெட்ரோல்.
ஐம்பதுக்கு ஒன்று, இருநூறுக்கு ஒன்றாகிவிட்ட கணக்கை
நான் சூப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லது" என்றார் ஓவிலா.
"வண்டிக்கு என்ன?" என்றாள்.
"கார்பரேட்டர் உறைந்துவிட்டது."
என் பக்கம் திரும்பவே இல்லை.
ரொட்டியைப் பிய்த்து
ஒரு துண்டை அவள் தட்டில் வைத்தார்.

இன்றைக்கும் என்னைக் கண்டால்
பம்பைக் கழற்று என்கிறார்.
புது பிஸ்டன் வந்துவிட்டது.
கேன் மூடியில் மட்டும்
சின்னதாக ஒரு பூட்டு தொங்குகிறது.
எதற்கு என்று சொலாஞ்ச் கேட்டாளாம்.

அணில், என்றாராம்.