பீரோ சாவி

மூச்சுப் பிடிப்பதில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை.
பத்து வயதில் பழகியது.
மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்துச்
சாக்கில் திணித்து மேலே வரும்வரை
எண்ணவே மாட்டேன்.

எண்ணுவதெல்லாம் ராத்திரியில்.
தூங்குகிற மகளின் நெஞ்சுக்கூடு
நிமிடத்துக்கு எத்தனை தரம் ஏறுகிறது என்று.
முப்பதைத் தாண்டினால் எழுப்பி உட்காரவைத்து
நீலப் பம்பு, இரண்டு அழுத்து.
பாம்பன் ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு.

பள்ளிக்கூடத்துக்கென்று இன்னொரு பம்பு.
பெனடிக்டா டீச்சர் அதை உறையில் போட்டு
நம்புதர்ஷினி, மூன்றாம் வகுப்பு என்று
முத்து முத்தாக எழுதினார்.
"பிள்ளைங்க கையில மருந்து இருக்கக் கூடாதும்மா, விதி."
பீரோவில் வைத்துப் பூட்டினார்.
விதி என்றால் எனக்கு வேறொன்று ஞாபகம் வரும்.
சரி டீச்சர் என்று வந்துவிட்டேன்.

காலையில் நான் கேட்பதற்கெல்லாம்
அவளிடம் ஒரே பதில்.
நெஞ்சு இறுக்குதா? ம்.
இல்லையா? ம்.
கருவாடு காயிற பக்கம் போகாதே. ம்.
டஸ்டர் தட்டச் சொன்னால் தட்டாதே. ம்.
ஓடாதே என்று மட்டும் சொல்வதில்லை.
எட்டு வயசுக்காரியிடம் எப்படிச் சொல்ல.

அன்றைக்கு வியாழன்.
கச்சான் ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்தது.
வள்ளத்தில் ஒன்பது பேர்,
ஒன்பது செல்போனும் ஒரே சம்படத்தில்,
டயர் ரப்பரால் மூடியை இறுக்கி அணியத்தில் கிடக்கும்.
அடித்தால் வள்ளத்துக்குத்தான் கேட்கும்.

வெற்றிலைக்காக முதலில் ஏறிய வெள்ளிக்கண்ணு
சம்படத்தைத் திறந்தாள்.
"ஏத்தா, ஒனக்கு ஏழு மிஸ்டு கால்."

ஏழும் பள்ளிக்கூடம்.
திரும்ப அடித்தேன்.
திரையில் யாரோ என்னை இலங்கைக்கு வரவேற்றார்கள்.
ஐயா, நான் சின்னப்பாலத்துக்காரி,
என்னை எங்கிட்டும் வரவேற்க வேண்டாம்,
நம்ம டவரில் ஒரு கோடு,
ஒரே ஒரு கோடு போதும்.

மகள் அப்பா மங்களூர் போட்டில். அவருக்கும் டவர் இல்லை.

கரை வர முக்கால் மணி நேரம்.
அதைச் சொல்ல மாட்டேன்.

காலில் கட்டிய தகரத் தட்டைக் கழற்றாமல்
தார் ரோட்டில் டங்கு டங்கென்று ஓடினேன்.
அவள் சத்துணவுக் கூடத்தில்
முட்டையின் மஞ்சளை ஒதுக்கிவிட்டு
வெள்ளையைத் தின்றுகொண்டிருந்தாள்.
"ஏம்மா நனைஞ்சிருக்க?"

சாவி எச்.எம். பையில்.
எச்.எம். மண்டபத்தில், மீட்டிங்கில்.
டீச்சர் அழுதுகொண்டே எனக்கு அடித்திருக்கிறார்,
எச்.எம்.முக்கு, நூற்றெட்டுக்கு, மறுபடி எனக்கு.
உதடு நிறம் மாறியதை முதலில் பார்த்தது
கடைசி பெஞ்சு பையன் ஒருவன்.
சத்துணவு ஜெபமாலைதான்
யாரையும் கேட்காமல் குழவிக்கல்லைத் தூக்கிவந்து
பூட்டின் மேல் போட்டிருக்கிறாள்.
மூன்று போடு.

ஆம்புலன்ஸ் வந்தபோது
சைரன் போடுங்க அண்ணே என்றாளாம் என் மகள்.

மறுநாள் எச்.எம். வருத்தப்பட்டார். நிஜமாகவே.
பிறகு, பூட்டு அரசாங்கச் சொத்தாச்சே,
கணக்குக் காட்டணுமே என்றார்.
வந்த கோபத்தைச்
சாக்கில் போட்டு வாயைக் கட்டினேன்.
பிள்ளை நாளைக்கும் அங்கேதான் உட்கார வேண்டும்.

பாசிக் காசில் நானே வாங்கினேன், நூற்றெண்பது ரூபாய்.
மூன்று சாவி வந்தது.
எச்.எம்.முக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று,
ஜெபமாலையின் சுருக்குப்பைக்கு ஒன்று.
கொடுப்பதற்கு முன்னால்
பஸ் ஸ்டாண்டு சாவிக்காரனிடம் போய்
நாற்பது ரூபாய்க்கு நாலாவது வெட்டிக்கொண்டதை
யாரிடமும் சொல்லவில்லை.

தாலிக் கயிற்றில் கிடக்கிறது.
உப்புக்கு அதற்குள் கறுத்துவிட்டது.
கடலுக்கடியில் அது எந்தப் பீரோவைத் திறக்கும்,
எனக்கும் தெரியும்.
குனிந்து பாசி பறிக்கையில்
கயிறோடு மிதந்து வந்து
கண்ணாடியில் தட்டும்.
உடனே மேலே வந்துவிடுகிறேன்.

"என்னடி, ஒனக்கு மூச்சுக் கொறைஞ்சு போச்சா?"
வெள்ளிக்கண்ணு கேட்கிறாள்.

ம்.