தன் முதுகு

கண்ணாடியைத் துடைத்து
டாக்டர் பெள்ளியப்பாவின் தலையில் மாட்டி
பின்பக்கத் திருகை மூன்று பல் இறுக்குவது என் வேலை.
அதன் பிறகு அவர் காண்பதெல்லாம்
எனக்குத் திரையில்தான்.

கவிழ்ந்து கிடக்கிறார் சிக்கண்ணா.
எஸ்வந்த்பூர் வெங்காய மண்டியில் முப்பது வருஷம்.
வலது தோளில் மூட்டை ஏறிய இடம்
முழங்கை போலக் காய்த்திருக்கிறது.
இன்னும் கத்தி படவில்லை. ஆனாலும்
தோலுக்கு மேலே பச்சை வெளிச்சமாய்
மிதக்கிறது அவர் முதுகெலும்பு.
நேற்று ஸ்கேனில் எடுத்ததை
இன்று அவர் மேலேயே சாத்தியிருக்கிறோம்.
நாலாவது கணுவில் ஒரு கோணல்,
எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து இறக்கியதன் கணக்கு.

மூன்று திருகுகள் சொன்னபடி இறங்கின.
அடுத்ததற்குத் துளையிடும்போது
எலும்பைக் கவ்வி நிற்கும் கம்பியின் உச்சியில்
வெள்ளிக் குண்டுமணி ஒன்றின் மேல்
ஒரு சொட்டு ரத்தம்.
முதுகெலும்பு அணைந்துவிட்டது.

கை அப்படியே நின்றது.
"ரெஜினா?"
"மணி மறைஞ்சிருக்கு சார்."
ஈரப் பஞ்சால் ஷைலஜா துடைத்தாள்.
படம் திரும்பி வந்தது,
இரண்டு மில்லிமீட்டர் தள்ளி.

எவ்வளவு அழகாக இருந்தது!
துளி நடுக்கமில்லை.
தான் பொய்யென்று அதற்குத் தெரியாது.
இரண்டு மில்லிமீட்டருக்குள்
ஒரு மனிதனின் இடது கால் இருக்கிறது.

"நம்பாதீங்க சார்" என்றேன்.
எட்டுப் பேர் நின்ற அறையில்
ஏ.சி. ஓடும் சத்தம் கேட்டது.

முதலிலிருந்து பொருத்தப் பதினோரு நிமிஷம்.
அவ்வளவு நேரமும் டாக்டருக்குப் பின்னால் நின்றேன்.
வியர்வையில் ஒட்டிய நீல அங்கிக்குள்
இடுப்பு பெல்ட்டின் பட்டைகள் தெரிந்தன.
அவருக்கும் அதே கணுதான்.
எல்லோருக்கும் தெரியும்,
யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் நாள்
வாக்கரைப் பிடித்து நின்ற சிக்கண்ணா
படத்தைக் காட்டச் சொன்னார்.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
டேப்லெட்டை நீட்டினேன்.
விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை,
கீழிருந்து மேலே ஒருமுறை.
பிறகு கன்னடம் கலந்த தமிழில்
கொஞ்சம் கோபமாகவே கேட்டார்:

"இவ்ளோ ஒல்லியா?
மண்டியில யாருக்கும் காட்டாதேம்மா."